பழைய கணினிகளின் சிஸ்டம் மென்பொருளை எமுலேட்டரோடு பகிர அனுமதி வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் 1980களின் கடைசியிலும் 90களிலும் ஓடிய கம்ப்யூட்டர் சென்டர்கள், பள்ளி ஆய்வகங்கள், முந்திரி ஆலை அலுவலகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றின் பிளாப்பிகளும் ரோம் சிப்புகளும் (மெஷினின் அடிப்படை நிரல் நிரந்தரமாகப் பதிந்த சில்லுகள்) இப்போது பரணிலிருந்து இறங்கிவருகின்றன. அவற்றை எமுலேட்டரில், அதாவது பழைய மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் நிரலில், ஓட்டிப் பார்ப்பது பெரிய காரியமில்லை. ஓட்டியதை மாணவர்களுக்கும் இணையத்துக்கும் கொடுக்கலாமா என்பதில்தான் எல்லாருக்கும் சந்தேகம். கீழே வரும் பதில்கள் 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தையும் அதன் திருத்தங்களையும் வைத்துச் சொல்லப்படுகின்றன. நோட்டீஸ் வந்துவிட்டது, வழக்கு வந்துவிட்டது என்றால் இதை வைத்துக்கொண்டு நிற்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

எமுலேட்டரை இலவசமாக இறக்கிக்கொள்ள முடிகிறது. ரோம் ஃபைலை மட்டும் ஏன் தனியாகக் கேட்கிறது?

இரண்டும் வேறுவேறு ஆட்களுடைய சொத்து. எமுலேட்டர் என்பது பழைய மெஷினின் நடத்தையைப் பார்த்து இன்னொருவர் புதிதாக எழுதிய நிரல். அதைக் கொடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. மெஷினுக்குள் இருந்த ரோம், பேசிக் மொழி, இயங்குதள வட்டு எல்லாம் பழைய நிறுவனம் எழுதியவை. அவற்றைக் கொடுக்க எமுலேட்டர் எழுதியவருக்கு உரிமை கிடையாது. அதனால்தான் மேம் போன்ற எமுலேட்டர்கள் ரோம் இல்லாமல் வருகின்றன. டாஸ்பாக்ஸ் எந்த ரோமையும் கேட்பதில்லை; டாஸ் செய்கிற வேலையை அதை எழுதியவர்களே புதிதாக எழுதி உள்ளே வைத்துவிட்டார்கள்.

கம்பெனியே மூடிப் பல வருஷம் ஆயிற்று. பதிப்புரிமை இன்னுமா இருக்கும்?

இருக்கும். நம் சட்டத்தில் கணினி நிரல் ‘இலக்கியப் படைப்பு’ என்ற வகையில் வருகிறது. எழுதியவர் வாழ்நாள் முழுவதும், இறந்த அடுத்த ஆண்டிலிருந்து இன்னும் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. பெயர் போடாமல் வந்த நிரலுக்கு வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அரசு அலுவலகமோ பொதுத்துறை நிறுவனமோ எழுதி வெளியிட்டதற்கும் அதே 60 ஆண்டுதான். 1983இல் வந்த ஒரு பேசிக் ரோம், எந்தக் கணக்கில் பார்த்தாலும், 2043 வரை நிச்சயம் பாதுகாப்பில் இருக்கும்.

நிறுவனம் மூடினால் பதிப்புரிமை ஆவியாகிவிடாது, கை மாறும். சிங்க்ளேரின் கணினித் தொழிலை 1986இல் ஆம்ஸ்ட்ராட் வாங்கியது. ஆம்ஸ்ட்ராட்டை 2007இல் பிரிட்டனின் ஸ்கை நிறுவனம் வாங்கியது. டிஜிட்டல் எக்விப்மென்ட்டை 1998இல் காம்பாக் வாங்கியது, காம்பாக்கை 2002இல் எச்பி வாங்கியது. ‘கைவிடப்பட்ட மென்பொருள்’ என்று இணையத்தில் ஒரு வகை சொல்கிறார்களே, அப்படி ஒரு வகை சட்டத்தில் இல்லை. ‘24 மணி நேரத்தில் அழித்துவிட்டால் தப்பில்லை’ என்பதும் யாரோ கட்டிவிட்ட பேச்சு.

என் சொந்த பிளாப்பி, என் சொந்த மெஷினின் சிப். அதிலிருந்து நானே எடுத்தால்?

உங்கள் பயன்பாட்டுக்கு எடுக்கலாம். பிரிவு 52(1) இதற்கு நல்ல இடம் தருகிறது. முறைப்படி நகலை வைத்திருப்பவர், மென்பொருள் எந்த வேலைக்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்குப் பயன்படுத்தப் படியெடுக்கலாம். கெட்டுப்போகாமல் இருக்க பேக்கப் எடுக்கலாம். அது வேலை செய்யும் விதத்தைக் கவனித்தும் சோதித்தும் படிக்கலாம். சட்டப்படி சொந்தமாகப் பெற்ற நகலிலிருந்து, வணிகமில்லாத தனிப்பட்ட பயன்பாட்டுக்குப் படியெடுக்கவும் தழுவவும் செய்யலாம்.

இதில் ‘தனிப்பட்ட’ என்ற சொல்லைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். காசு வாங்காமல் பத்துப் பேருக்கு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாலும் அது தனிப்பட்ட பயன்பாடு ஆகாது. அன்றைக்கு சென்டரில் ஒரே எம்எஸ்-டாஸ் வட்டை முப்பது பிளாப்பிக்கு நகல் போட்டுக் கொடுத்திருந்தால், உங்கள் கையில் இருப்பது முறைப்படி பெற்ற நகலே இல்லை. அப்போது மேலே சொன்ன விலக்குகளும் உங்களுக்குக் கிடைக்காது.

பள்ளி, கல்லூரி, நூலகம் என்றால் சலுகை உண்டா?

கொஞ்சம் உண்டு. பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. பாடப்பொதி (புத்தகப் பகுதிகளைத் திரட்டிய தொகுப்பு) ஒளிநகல் வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த விலக்கைத் தாராளமாகவே பொருள்கொண்டது. ஆனால் அது புத்தகங்களைப் பற்றிய வழக்கு. ஆய்வக வகுப்பில் ஒரு பழைய இயங்குதளத்தை எமுலேட்டரில் ஓட்டிக் காட்டுவதற்கு இது நல்ல துணை. கல்லூரி இணையதளத்தில் அதே ஃபைலை எல்லாரும் எடுக்கும்படி வைப்பதற்கு இது உதவாது.

வணிக நோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடம் ஏற்கெனவே டிஜிட்டல் அல்லாத பிரதி உள்ள படைப்பை, பாதுகாப்பதற்காக மின்னணு வடிவில் சேமிக்கலாம். கையேடுகளுக்கு இது அருமையாகப் பொருந்தும். பிளாப்பியோ பிறவியிலேயே டிஜிட்டல். அதற்கு இந்த விதியை நீட்டுவது வலுவான வாதமல்ல. அமெரிக்காவில் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் மென்பொருளைப் பாதுகாக்க 2018இல் நகல் தடுப்புப் பூட்டை உடைக்க விலக்கு கிடைத்ததே என்று கேட்பவர்கள் உண்டு. அது அந்த நாட்டுச் சட்டத்துக்குக் கீழ் வந்தது, நாகர்கோவிலுக்குச் செல்லாது.

ஏற்கெனவே அனுமதி கிடைத்திருப்பவை எவை?

முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். யாரோ கேட்டு வாங்கி வைத்திருப்பதை நீங்கள் மறுபடி கேட்க வேண்டாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அளவு வேறு.

சிங்க்ளேரின் ஸ்பெக்ட்ரம் கணினி ரோம்: எமுலேட்டர் எழுதுபவர்கள் தங்கள் ரோம்களைச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று 1999இல் ஆம்ஸ்ட்ராட் பொதுவில் அறிவித்தது. ரோமில் உள்ள பதிப்புரிமை வரியை மாற்றக் கூடாது. ஆம்ஸ்ட்ராட் அன்புடன் அனுமதித்திருக்கிறது, பதிப்புரிமை அவர்களிடமே இருக்கிறது என்று ஒரு குறிப்பையும் சேர்க்கச் சொன்னார்கள். ரோமுக்கென்று காசு வாங்கக் கூடாது. ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளுக்கும் இந்த அனுமதிக்கும் சம்பந்தமில்லை. அவை வேறு நிறுவனங்களுடையவை. இங்கே விற்ற மெஷினிலிருந்து ரோம் எடுத்தால், அது ஆம்ஸ்ட்ராட் ரோமோடு ஒரு பைட்டும் மாறாமல் ஒத்துப்போகிறதா என்று ஹாஷ் (ஃபைலின் கைரேகை போன்ற எண்) போட்டுப் பார்த்த பிறகே இந்த அனுமதியின் கீழ் கொண்டுவாருங்கள்.

சிபி/எம் (டாஸுக்கு முந்தைய இயங்குதளம்): தாராளமாகக் கொடுக்கலாம். இதன் கதை தனியாகக் கீழே வருகிறது.

பழைய யூனிக்ஸ்: பிடிபி-11 கணினிக்கான முதல் ஏழு பதிப்புகளையும் 32வி என்ற பதிப்பையும் 2002 ஜனவரியில் அப்போதைய உரிமையாளரான கால்டெரா நிறுவனம் பிஎஸ்டி பாணி உரிமத்தில் விட்டது. பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே வைத்தால் விற்கவும் செய்யலாம். 8, 9, 10ஆம் பதிப்புகள் அப்படியல்ல: வணிகமில்லாத படியெடுப்புக்கு எதிராகத் தங்கள் உரிமையை வலியுறுத்த மாட்டோம் என்று 2017இல் நோக்கியா, அல்காடெல்-லூசென்ட் தரப்பினர் சொன்னார்கள். அது வழக்குப் போட மாட்டோம் என்ற வாக்கு, உரிமம் அல்ல. இலவசமாகப் பகிரலாம், காசுக்கு விற்கும் தொகுப்பில் சேர்க்காதீர்கள். சிஸ்டம் 3, சிஸ்டம் 5 இரண்டும் கால்டெரா உரிமத்துக்கு வெளியே நிற்கின்றன.

எம்எஸ்-டாஸ்: 1.25, 2.0 இரண்டும் 2018இல் எம்ஐடி உரிமத்தில் (பதிப்புரிமை வரியை வைத்துக்கொண்டு தாராளமாகப் பகிரலாம் என்ற உரிமம்) வந்தன, 4.00 பதிப்பு 2024இல் அதே உரிமத்தில் வந்தது. ஜிடபிள்யூ-பேசிக்கின் மூல நிரல் 2020இல். ஒன்றைக் கவனியுங்கள்: நம்மூர் சென்டர்களில் அதிகம் ஓடிய 3.30, 5.0, 6.22 எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 3.1, 95, 98 ஆகியவையும் இல்லை. ‘டாஸை மைக்ரோசாஃப்ட் இலவசமாக்கிவிட்டது’ என்று கேள்விப்பட்டு 6.22 இமேஜை (வட்டின் முழு நகல் ஃபைல்) பகிர்வதுதான் இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கும் பிழை.

ஆப்பிள் லிசா: மூல நிரலை 2023இல் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது, ஆனால் கல்விக்கான கட்டுப்பாடுள்ள உரிமத்தில். படிக்கலாம், மறுவிநியோகத்துக்கு அந்த உரிமத்தை வரிவரியாகப் பார்க்காமல் இறங்காதீர்கள். மேகின்டாஷின் பழைய சிஸ்டம் 7.5.3-ஐ ஆப்பிளே ஒரு காலத்தில் இலவசமாக இறக்கக் கொடுத்தது. நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது என்பதால் அதை நாமும் கொடுக்கலாம் என்றாகாது. பழைய மேக்களின் ரோம் சிப்புக்கு அந்த இலவசமும் கிடையாது.

அனுமதியே தேவைப்படாத மாற்றுகளும் உண்டு: எம்எஸ்-டாஸுக்குப் பதில் ஃப்ரீடாஸ், அடாரி எஸ்டி ரோமுக்குப் பதில் எமுடாஸ், அமிகா கிக்ஸ்டார்ட்டுக்குப் பதில் ஆரோஸ் ரோம், பிசி பயாஸுக்குப் பதில் சீபயாஸ். பள்ளி ஆய்வகத்துக்கு டாஸ் கட்டளைகள் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும் என்றால், ஃப்ரீடாஸ் போதும். யாரிடமும் கையேந்த வேண்டாம்.

சிபி/எம் விஷயத்தில் என்ன நடந்தது?

அனுமதி கேட்கப் போகும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. சிபி/எம்மை வெளியிட்ட டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தை 1991இல் நோவெல் வாங்கியது. 1996இல் அந்தச் சொத்துகள் கால்டெராவுக்கு, பிறகு லினியோவுக்குப் போயின. 2001இல் உரிமையாளர் தரப்பு, சிபி/எம்மைப் பாதுகாத்துவந்த ஒரு இணையதளத்துக்கு அனுமதி கொடுத்தது: பயன்படுத்தலாம், விநியோகிக்கலாம், மாற்றலாம். ஆனால் வாசகம் அந்த இணையதளத்தைப் பெயர் சொல்லி, அதன் பகுதியாகச் செய்யலாம் என்று அமைந்துவிட்டது. அங்கிருந்து இறக்கிய ஒருவர் தன் எமுலேட்டரோடு சேர்த்துக் கொடுக்கலாமா? கடிதத்தை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. எமுலேட்டர் எழுதியவர்கள் இருபது வருஷம் இப்படியே தயங்கினார்கள். 2022 ஜூலையில் அதே உரிமையாளர் தரப்பு, அனுமதி அந்த இணையதளத்துக்கு மட்டும் என்று நினைத்துக் கொடுக்கவில்லை, எல்லாருக்கும்தான் என்று எழுத்தில் தெளிவுபடுத்திய பிறகே பிரச்சினை தீர்ந்தது.

கொடுத்தவருக்கு மனம் இருந்தது, வாங்கியவருக்கு நல்லெண்ணம் இருந்தது. ‘யார் வேண்டுமானாலும்’ என்ற இரண்டு சொல் இல்லாததால் இத்தனையும். உரிமையாளர் இறந்துபோயிருந்தால் இந்தத் தெளிவு கிடைத்தே இருக்காது.

உரிமையாளர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மென்பொருளையே கேளுங்கள். துவக்கத் திரையில் வரும் பதிப்புரிமை வரி, கையேட்டின் இரண்டாம் பக்கம், வட்டின் லேபிள் மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ரோம் அல்லது வட்டு இமேஜை ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் கருவி) திறந்து, எழுத்தாகத் தெரியும் பகுதிகளைத் தேடுங்கள். திரையில் வராத பெயர்களும் ஆண்டுகளும் அங்கே இருக்கும்.

1984இல் தொடங்கிய மத்திய அரசின் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் வந்த பிபிசி மைக்ரோ இதற்கு நல்ல உதாரணம். அதன் இயங்குதள ரோம் 16 கேபி, பேசிக் ரோம் தனியாக 16 கேபி, வட்டு இயக்க ரோம் இன்னொன்று. மூன்றையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். இயங்குதளத்தின் 1.20 பதிப்பில், பங்களித்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒளிந்திருக்கிறது. அது எஃப்சி00 முதல் எஃப்இஎஃப்எஃப் வரையான 768 பைட்டில் உள்ளது; ஓடும் மெஷினில் அந்த முகவரிகளை உள்ளீட்டு வெளியீட்டுச் சில்லுகள் பிடித்துக்கொள்வதால், பேசிக்கிலிருந்து நினைவகத்தைப் படித்து ரோம் எடுத்தால் அந்தப் பகுதி குப்பையாக வரும். சிப்பைக் கழற்றி ரோம் ரீடரில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஹாஷ் ஒத்துப்போகாமல் ‘இது இந்தியாவுக்கென்று மாற்றிய தனிப் பதிப்பு’ என்று முடிவு கட்டும் முன் இதைச் சரிபாருங்கள்.

பெயர் கிடைத்ததும் சங்கிலியைக் கட்டுங்கள்: எழுதியவர், முதல் உரிமையாளர், யார் யாரிடம் எந்த ஆண்டு விற்றார், இன்று யார். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் கடிதம் தவறான ஆளிடம் போகும். இந்திய நிறுவனம் என்றால் அது இயங்குகிறதா, பெயர் நீக்கப்பட்டதா என்பதைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பார்க்கலாம். கலைக்கப்பட்ட கம்பெனியின் முன்னாள் இயக்குநர் கொடுக்கும் கடிதம் வலு குறைந்தது. கம்பெனியின் சொத்து அவருடைய சொத்து அல்ல.

நம்மூர் ஆட்கள் எழுதிய மென்பொருளுக்கும் இதேதானா?

இதேதான், ஆனால் இங்கே வெற்றி வாய்ப்பு அதிகம். டிபேஸ், ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருள்களில் எழுதிய ரப்பர் கடை பில்லிங், முந்திரி ஆலைக் கூலிக் கணக்கு, கூட்டுறவுச் சங்க வட்டிக் கணக்கு, தமிழ் எழுத்துரு நிரல்கள் என்று மாவட்டம் முழுக்க எழுதப்பட்டிருக்கின்றன. இவற்றைக் காப்பாற்ற வெளியிலிருந்து யாரும் வரப்போவதில்லை. எழுதியவர்களில் பலர் இன்னும் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள், போய்ப் பேசலாம். வெளிநாட்டு ரோமுக்குக் கடிதம் போடுவதற்கு முன் இவர்களைப் பாருங்கள்.

உரிமை யாருக்கு என்பதைப் பிரிவு 17 சொல்கிறது. மாதச் சம்பளத்துக்கு இருந்து வேலையின் பகுதியாக எழுதியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, முதலாளியே உரிமையாளர். வெளியாளாக ஒரு தொகை பேசி எழுதிக்கொடுத்திருந்தால், எழுத்தில் உரிமையை மாற்றிக் கொடுக்காத வரை, எழுதியவரே உரிமையாளர். கடைக்காரர் ‘நான் காசு கொடுத்துச் செய்தது, எடுத்துக்கோங்க’ என்று சொன்னால் அது போதாது. எழுதிய அண்ணாச்சியிடமும் கையெழுத்து வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் இருவரிடமும் வாங்கிவிடுவதே சுருக்கமான வழி. கூட்டு வியாபாரமாக இருந்து பிரிந்திருந்தால் பிரிவினைப் பத்திரத்தில் மென்பொருள் யாருக்குப் போயிற்று என்று பாருங்கள். பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள், எல்லாப் பங்காளியும் கையெழுத்திட வேண்டிவரும்.

எழுதியவர் இறந்திருந்தால் உரிமை வாரிசுகளுக்கு. உயில் இல்லாதபோது ஒரு மகனின் கையெழுத்து போதாது. மனைவி, பிள்ளைகள் என வாரிசுச் சான்றிதழில் உள்ள அனைவரும் வேண்டும். அந்தச் சான்றிதழ் தாசில்தார் அலுவலகத்தில் கிடைக்கும். குடும்பத்தார் ஏற்கெனவே வங்கிக்கோ பட்டாவுக்கோ வாங்கி வைத்திருப்பார்கள், அதன் நகலே போதும்.

இன்னொன்று: ஃபாக்ஸ்புரோவில் எழுதிய நிரலுக்கு எழுதியவர் அனுமதி கொடுக்கலாம், ஃபாக்ஸ்புரோவையே சேர்த்துக் கொடுக்க அவரால் அனுமதிக்க முடியாது. தொகுப்பில் அதை வைக்காமல், என்ன பதிப்பு வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

அனுமதிக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும், எந்த எந்தப் பொருள் (ரோம், வட்டு, மூல நிரல், கையேடு), யார் என்ன செய்யலாம், எந்த நாட்டில், எத்தனை காலம். கடைசி இரண்டையும் விட்டுவிட்டால் சட்டமே நிரப்பிவிடும், நமக்கு எதிராக. பிரிவு 19இன்படி காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். பிரிவு 30ஏ வழியாக இது உரிமங்களுக்கும் வருகிறது. நல்ல மனதோடு கொடுத்த ஒரு வரி அனுமதி ஐந்தாம் ஆண்டில் தீர்ந்துபோவது இப்படித்தான்.

கீழே உள்ள வாசகத்தை அப்படியே எடுத்து நிரப்பலாம்:

‘… என்ற மென்பொருளின் … பதிப்புக்கு நான் / எங்கள் நிறுவனம் பதிப்புரிமை உரிமையாளர். இதன் ரோம் இமேஜ், வட்டு இமேஜ், மூல நிரல், கையேடு ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தவும், படியெடுக்கவும், மாற்றவும், மாற்றியதையும் மாற்றாததையும் இணையம் உட்பட எந்த வழியிலும் விநியோகிக்கவும் கட்டணமின்றி உரிமம் அளிக்கிறேன். இது ஒருவருக்கு மட்டுமான உரிமம் அல்ல. உலகம் முழுவதற்கும், பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதற்கும் பொருந்தும், திரும்பப் பெறப்படாது. பதிப்புரிமை வரியையும் இந்த அனுமதியையும் நீக்காமல் கூடவே தர வேண்டும். மென்பொருள் உள்ளபடியே தரப்படுகிறது, உத்தரவாதம் எதுவும் இல்லை. பதிப்புரிமை என்னிடமே இருக்கும்.’

கீழே பெயர், உரிமை வந்த விதம் (நானே எழுதியது / வாரிசு / நிறுவனத்தின் பொறுப்பாளர்), தேதி, கையெழுத்து. இமேஜின் எஸ்எச்ஏ-256 ஹாஷையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள். எந்த ஃபைலுக்கு அனுமதி என்ற வாக்குவாதம் பின்னால் வராது.

சிலர் ‘மாற்றக் கூடாது’ என்பார்கள். அதற்கும் சம்மதித்து வாங்கலாம், ஆனால் எமுலேட்டருக்காக ஒரு பைட் திருத்த வேண்டிவந்தாலும் கை கட்டிப்போகும் என்பதை முன்பே சொல்லுங்கள். பதிப்புரிமையையே விட்டுவிடத் தயாராக இருப்பவருக்குப் பிரிவு 21 உண்டு: பதிப்புரிமைப் பதிவாளருக்கு அறிவிப்புக் கொடுத்தோ பொது அறிவிப்பு மூலமோ துறக்கலாம். பெரும்பாலோருக்கு உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு அனுமதி கொடுப்பதுதான் மனதுக்கு ஒப்பும்.

மின்னஞ்சல் போதுமா? போனில் ‘சரி’ என்றார், அது?

உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 30. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 மின்னணுப் பதிவையும் எழுத்தாக ஏற்கிறது. எனவே மின்னஞ்சல் செல்லும். வாட்ஸ்அப்பில் வந்த ‘ஓகே’யை எதற்கு ஓகே என்று பிறகு நிரூபிப்பது கஷ்டம், மேலே உள்ள வாசகத்தை முழுதாக அனுப்பி, ‘இதற்குச் சம்மதம்’ என்று பெயரோடு பதில் வாங்குங்கள். மின்னஞ்சலைத் தலைப்பு விவரங்களோடு முழு ஃபைலாகச் சேமியுங்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைக்காதீர்கள். வயதானவர்களிடம் நேரில் போய்த் தாளில் வாங்குவதே நல்லது. போன் சம்மதம் எழுத்துக்குப் போகும் முதல் படி, அவ்வளவுதான்.

எழுதிப் போட்டோம், பதிலே இல்லை. ‘ஆட்சேபணை இல்லை’ என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ‘30 நாளில் பதில் வராவிட்டால் சம்மதமாகக் கொள்வோம்’ என்று எழுதுவதற்கும் சட்ட மதிப்பு இல்லை. பெரிய நிறுவனங்களில் பொது விசாரணை முகவரிக்குப் போட்ட கடிதம் குப்பைக்குப் போகும். சட்டப் பிரிவுக்கோ பழைய பொருள்களைப் பராமரிக்கும் ஆவணப் பிரிவுக்கோ எழுதுங்கள். ‘உங்கள் எல்லாப் பழைய மென்பொருளும்’ என்று கேட்டால் மறுப்பது அவர்களுக்கு எளிது. ஒரே ஒரு ரோம், பதிப்பு எண், ஹாஷ், வணிகமில்லாத நோக்கம் என்று ஒரு பக்கத்தில் முடித்தால், அதைப் படிக்கும் வழக்கறிஞர் ‘இதில் இழப்பு இல்லை’ என்று எழுதித் தர வாய்ப்பு உண்டு.

உரிமையாளரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் பிரிவு 31ஏ கட்டாய உரிமத்துக்கு வழி வைத்திருக்கிறது. நாட்டின் பெரும்பகுதியில் செல்லும் ஆங்கில நாளேட்டில் விளம்பரம் கொடுத்துவிட்டு மனுப் போட வேண்டும். முன்பு பதிப்புரிமை வாரியம் கேட்டதை, 2021க்குப் பிறகு வணிக நீதிமன்றம் கேட்கிறது. படைப்பு இந்தியாவில் மக்களுக்குக் கிடைக்காமல் நிறுத்திவைக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. விளம்பரச் செலவும் வக்கீல் செலவும் சேர்ந்தால், ஒரு 16 கேபி ரோமுக்கு யாரும் இதைச் செய்யப்போவதில்லை என்பதே உண்மை நிலை. அதற்குள் செய்யக்கூடியது: ஃபைலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதன் ஹாஷையும் ‘உங்கள் சொந்த மெஷினிலிருந்து இப்படி எடுக்கலாம்’ என்ற வழிமுறையையும் மட்டும் வெளியிடுவது. இரண்டுக்கும் யார் அனுமதியும் வேண்டாம்.

அனுமதி வந்துவிட்டது. தொகுப்பை எப்படித் தயார் செய்வது?

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை, பக்கத்தில் கடல். பிளாப்பியில் பூஞ்சை இல்லாமல் இருப்பதே அபூர்வம். வட்டைக் கையால் மெதுவாகச் சுற்றி, தலை படும் ஜன்னல் வழியாகப் பாருங்கள்; வெள்ளையாகப் புள்ளியோ மேகம் மாதிரித் திட்டோ தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். போட்டால் பூஞ்சை தலையில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல வட்டையும் கீறிவிடும். உறையைத் திறந்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே படிக்க வேண்டும்.

ஒரே வட்டை இரண்டு முறை படித்து, இரண்டு இமேஜின் ஹாஷும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு மிக முக்கியமானது: வட்டில் யாருடைய கணக்காவது இருக்கிறதா? கூட்டுறவுச் சங்க பிளாப்பியில் கடன் வாங்கியவர் பெயரும் தொகையும் இருக்கும். ஃபைலை அழித்திருந்தாலும் வட்டில் தரவு அப்படியே கிடக்கும், முழு இமேஜில் அதுவும் போய்விடும். நிரலை எழுதியவர் கொடுத்த அனுமதி அந்த ஆட்களின் விவரத்துக்குப் பொருந்தாது. 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. நிரல் ஃபைல்களை மட்டும் எடுத்துப் புதிய வெற்று இமேஜில் வைத்துக் கொடுங்கள். ஹாஷும் மாறும் என்பதால், அனுமதிக் கடிதத்தில் எழுதும் ஹாஷ் இந்தச் சுத்தமான இமேஜினுடையதாக இருக்கட்டும். ஆகவே கையெழுத்து வாங்கப் போகும் முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

தொகுப்புக்குள் அனுமதிக் கடிதத்தின் நகலை (முகவரி, போன் எண்ணை மறைத்து) எழுத்துக் கோப்பாக வையுங்கள். எமுலேட்டரின் உரிமம் வேறு, ரோமின் உரிமம் வேறு என்று தனித்தனி அடைவுகளில் பிரியுங்கள். நிறுவனத்தின் லோகோவை அட்டையில் போடாதீர்கள். பதிப்புரிமை அனுமதி வணிகச் சின்னத்துக்குச் செல்லாது.

பென்டிரைவுக்கு ஆகும் காசை வாங்கலாமா?

உரிமம் என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது. எம்ஐடி, பிஎஸ்டி என்றால் தடையில்லை. ஸ்பெக்ட்ரம் ரோம் என்றால் ரோமுக்கென்று வாங்கக் கூடாது. ‘வணிகமில்லாத’ என்று எழுதியிருந்தால், செலவுக் காசும் வணிகமா என்ற கேள்வி வரும்; கடிதம் வாங்கும்போதே ‘வட்டு, பென்டிரைவ் ஆகியவற்றின் அடக்கவிலையை வாங்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அனுமதி இல்லாமல் போட்டால் உண்மையில் என்ன ஆகும்?

பிரிவு 63இல் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. மீறல் நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதற்கு 63பி தனியாக உண்டு. இந்த 63பி-யில், ஆதாயமோ வியாபாரமோ நோக்கமில்லை என்றால் சிறை இல்லாமல் 50,000 வரை அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

அதற்கு முன்பாகவே நடப்பது நீக்கக் கோரிக்கை. உரிமையாளர் எழுத்தில் புகார் கொடுத்தால், 2013ஆம் ஆண்டு விதிகளின்படி, ஃபைலைத் தாங்கும் இணையதளம் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி திறக்கலாம். கையில் கடிதம் இருந்தால் அன்றைக்கே அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கும் தளத்துக்கும் அனுப்புங்கள். நிறுவனம் கை மாறியதால் பழைய அனுமதி தெரியாமல் புதியவர்கள் புகார் கொடுப்பதும் உண்டு. ‘திரும்பப் பெறப்படாது’ என்ற சொல்லும் தேதியும் கடிதத்தில் இருந்தால் அங்கேயே முடிந்துவிடும். மூலக் கடிதத்தை ஒருவர் வீட்டில் மட்டும் வைக்காமல், ஸ்கேன் நகலை குறைந்தது மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள்.